கல்மழை தொடாத தோட்டம்

சின்ட்டி பள்ளத்தாக்கு,
நவம்பர் 3

அன்பு மகள் டெல்மிராவுக்கு,

உன் அம்மா பிரிஸ்கா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் சின்னதும் அங்கே புவெனஸ் ஐரிஸில் சுகமாக இருக்க வேண்டும் என்று மாதாவை வேண்டிக்கொண்டுதான் பேனாவைத் தொட்டேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுத உட்கார்ந்தேன், கை வரவில்லை. கஞ்சி இறங்குகிறது, கால் நடக்கிறது, அவ்வளவுதான் சுகம். முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். கிறிஸ்துமஸுக்கு இங்கே வராதே. பஸ்ஸுக்குச் சொல்லி வைத்திருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடு. ஏன் என்று கடைசிவரை படி, ஆனால் தனியாக இருக்கும்போது படி, மாப்பிள்ளையைக்கூடப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாதே. இதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாமே என்பாய், அந்தக் கருவி கடை மேசைமேல் இருக்கிறது, நான் பேச ஆரம்பித்தால் நாலு பெண்களுக்கு ஒரே நேரத்தில் உப்பு தீர்ந்துவிடும். அதனால்தான் லாரிக்கார ரூஃபோ கையில் கடிதமாகக் கொடுத்தனுப்புகிறேன்.

கல்மழை பெய்தது. நம் ஊருக்குக் கல்மழை புதிதா என்று கேட்பாய். இந்தத் தடவை வந்தது வேறு. போன மாதம் இருபத்தாறாம் தேதி, திராட்சைக் கொடியெல்லாம் பூ விட்டு ஊரே அந்த மெல்லிய வாசத்தில் கிடந்த நேரம். காலையிலிருந்து வெயில் செம்மலைச் சுவரில் பட்டுத் திருப்பியடித்தது, அடுப்புக்குள் உட்கார்ந்த மாதிரி இருந்தது. மத்தியானம் ஆற்றுப்பக்கமிருந்து ஏறி வருகிற காற்று வரவில்லை. காற்று நின்றால் உன் அப்பாவுக்கு முழங்கால் குத்தும், குத்துகிறது என்றார். பார்த்தால் தெற்கே மலை விளிம்புக்கு மேலே மேகம் எட்டிப் பார்க்கிறது, அடிபட்டுக் கன்றிய தோல் மாதிரி பச்சையும் நீலமுமாக. கோயில் மணி அடித்தார்கள், மேகத்தைக் கலைக்க வாணம் விட்டார்கள், நான் குருத்தோலை ஞாயிறன்று மந்திரித்து வந்த ஓலையை வாசலில் எரித்துச் சாம்பலை நாலு பக்கமும் ஊதினேன். எதுவும் பலிக்கவில்லை. கால் மணி நேரம்தான், கோழிமுட்டை அளவு கல். ஓய்ந்து வெளியே வந்தால் ஃபாவ்ஸ்தோ தோட்டம், சபினா தோட்டம், பள்ளிக்கூடத்துக்குக் கீழே ஆறு வரைக்கும் இருக்கிற அத்தனை தோட்டமும் உரித்த கோழியாக நிற்கிறது. மொல்யே மரத்தில் ஏற்றிவிட்ட பழைய கொடிகள், உறைபனிக்கும் கல்லுக்கும் இத்தனை வருடமாக மரத்து இலைக்குள் ஒளிந்து பிழைத்தவை, அவைகூடத் தப்பவில்லை. ஆனால் நம் வாய்க்கால் வரை வந்த மழை வாய்க்காலைத் தாண்டவில்லை டெல்மிரா. கத்தியால் கீறின மாதிரி நின்றுவிட்டது. அந்தப் பக்கம் வெள்ளை வெளேரென்று பனிக்கட்டி, இந்தப் பக்கம் நம் தோட்டத்தில் ஒரு பூ உதிரவில்லை. உன் அப்பா குனிந்து மண்ணைத் தொட்டுக் கும்பிட்டார். நான் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். பிழைத்ததற்குச் சந்தோஷப்பட வேண்டியவள் ஏன் ஒளிந்தாள் என்பது கடைசிவரை படித்தால் உனக்குப் புரியும்.

மறுநாள் விடிந்ததும் சபினா வேலியோரம் வந்து நின்றாள். அவள் வாய் உனக்குத் தெரியாததா. என்னடி பிரிஸ்கா, உன் தோட்டத்துக்கு மட்டும் வானம் குடை பிடிச்சுதாக்கும் என்றாள், சிரித்துக்கொண்டேதான், ஆனால் கண் சிரிக்கவில்லை, அழுது வீங்கியிருந்தது, அவளுக்கு ஒரு பூங்குலைகூட மிஞ்சவில்லை பாவம். சாயங்காலம் பள்ளிக்கூட முற்றத்தில் ஊர்க்கூட்டம். இந்த வருடம் ஃபாவ்ஸ்தோதான் ஊர்த்தலைவர். எல்லாரும் புலம்பி முடித்த பிறகு சபினா எழுந்தாள். மூணு வருசமா கல்லு விழுது, வருசத்துக்கு வருசம் பெருசாகுது, இது சும்மா வராது, எவளோ ஒருத்தி ஞானஸ்நானம் ஆகாத பச்சப்புள்ளைய மண்ணுல மறைச்சு வெச்சிருக்கா, அது மேலயும் போக முடியாம கீழயும் போக முடியாம வானத்துல அலைஞ்சு கல்லா விழுது, தன்னைப் பொதைச்ச எடத்தை மட்டும் தொடாது, என் ஆத்தா சொல்லியிருக்கா என்றாள். ஃபாவ்ஸ்தோ தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, இந்த மூணு வருசத்துல ஊரைவிட்டுப் போன பொண்ணுங்க யார் யாரு என்று மட்டும் கேட்டார். நாலு பெயர் சொன்னார்கள். மூன்றாவது பெயர் உன்னுடையது.

இதையெல்லாம் நம்பாதவள் என்றால் எனக்குப் பாதி பயம் இருந்திருக்காது. நான் நம்பி வளர்ந்தவள். எனக்குப் பன்னிரண்டு வயதில் மேல்தெரு பெண் ஒருத்தியின் வீட்டு அடுப்படி வரை தோண்டிப் பார்த்து, கோயில் வாசலில் மண்டியிட வைத்து, எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவள் கூந்தலில் எல்லாம் மண். நானும் கூட்டத்தோடு கூட்டமாக நின்றேன், சிரித்தேன்கூட. உன்னை அந்த வாசலில் வைத்துப் பார்க்க என்னால் முடியாது, அதுவும் வயிற்றில் ஐந்து மாதத்தோடு.

இப்போது உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும், திட்டாதே. மூன்று வருடத்துக்கு முன், உனக்குக் கல்யாணம் ஆகாத அந்த அறுவடை நேரம், உன் அப்பாவுக்கு எதுவும் தெரியாது, ஒயின் ஏற்றிக்கொண்டு பொட்டோசிக்குப் போயிருந்தார். ஏழு மாதத்தில் மூச்சில்லாமல் வந்த அந்தக் குழந்தையை நீ ஒரே ஒரு தடவை முகம் பார்த்தாய், நான்தான் போதும் என்று மூடினேன். கல்லறைத் தோட்டத்தில் கோயில் சுவரோரம் வைத்துவிட்டு வந்தேன், நல்ல இடம், நிழல் விழுகிறது என்று உன்னிடம் சொன்னேனே, அது பொய். அங்கே போக எனக்குத் தைரியம் வரவில்லை, வழியெல்லாம் பறிப்புக்கு வந்த ஆட்கள். உலர்திராட்சைப் பெட்டியில் வைத்து வாய்க்கால் மூலையில் இருக்கிற பழைய மொல்யே மரத்தடியில், கொடியின் வேருக்குப் பக்கத்தில் புதைத்தேன். மூன்று வருடமாக அந்த மூலைக்குத் தண்ணீர் திருப்பும்போதெல்லாம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் திருப்புகிறேன். கல்மழை நின்றதும் அந்த மூலையில்தான் கண்ணே.

கூட்டம் முடிந்த மறுநாள் நான் ஒரு காரியம் செய்தேன். உன் அப்பா மாவு அரைக்க ஆற்றுக்கு அக்கரை போயிருந்தார். நம் தோட்டமும் அடிபட்ட மாதிரி இருந்தால் வாயை மூடுவார்களே என்று தோன்றியது. வேலிக்கம்பு ஒன்றை உருவிக்கொண்டு போய் வாய்க்கால் ஓரமாக இருந்த இரண்டு வரிசைக் கொடியை அடித்தேன். பூவோடு அடித்தேன். நான் கத்தரித்த கொடி, நான் கட்டிவிட்ட கொடி, அழுதுகொண்டே அடித்தேன். யாராவது பார்த்திருந்தால் பைத்தியம் என்றே முடிவு கட்டியிருப்பார்கள். முடித்துவிட்டு இலையைக் கூட்டிப் பரப்பிவிட்டு வந்து கையைக் கழுவினேன். அன்று சாயங்காலமே ஃபாவ்ஸ்தோ இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஒரு தண்டைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மழை தெற்கிலிருந்து காற்றோடு சாய்ந்து அடித்தது, ஊரிலுள்ள எல்லாக் கொடியிலும் காயம் தெற்குப் பக்கம் மட்டும்தான், வடக்குப் பக்கம் பட்டை வழுவழுவென்று இருக்கிறது. நான் சுற்றிச் சுற்றி அடித்திருக்கிறேன், தரையோரம் தழைந்த இலையைக்கூட விடவில்லை. ஃபாவ்ஸ்தோ சிரிக்காமல், இந்தத் தோட்டத்துல மட்டும் கல்லு கீழேருந்து மேல பேஞ்சிருக்கு போல என்றார். அதற்குள் மாவு மூட்டையோடு உன் அப்பா வந்துவிட்டார், ஒரு பார்வை பார்த்தார், எங்க வீட்டம்மாவுக்குக் கோவம் வந்தா கம்பை எடுத்துருவா டொன் ஃபாவ்ஸ்தோ, கொடியோட போச்சேன்னு நான் முதுகைத் தடவிக்கிட்டு இருக்கேன் என்றார். வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். ஃபாவ்ஸ்தோ சிரிக்கவில்லை. உன் அப்பா என்னிடம் அப்புறம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதுவே எனக்குப் பெரிய பயம்.

இன்னும் கேள். தாரிகாவிலிருந்து மண் பரிசோதிக்கிற எஞ்சினியர் ஒருத்தர் வரப்போகிறார். நம் பள்ளத்தாக்கு ஒயினுக்கென்று தனிப்பெயர் வாங்கித் தருவதற்கு இந்த மண்ணும் குளிரும் வெயிலும் எப்படி என்று எழுதிக் காட்ட வேண்டுமாம், அதற்கு ஒரு தோட்டத்தில் ஆள் உயரக் குழி தோண்டிப் பார்ப்பாராம். ஊரிலேயே பழைய கொடியின் வேரடியில் தோண்ட வேண்டும் என்றாராம். ஃபாவ்ஸ்தோ உடனே, அனாக்லெட்டோ தோட்டத்து வாய்க்கால் மூலை என்று உன் அப்பா பெயரைச் சொல்லிவிட்டார். வியாழக்கிழமை, ஆறாம் தேதி. பெட்டியை முன்னாலேயே எடுத்துவிடலாம் என்று இரண்டு தடவை மண்வெட்டியோடு போனேன், இரண்டு தடவையும் உன் அப்பா அங்கேயே வாய்க்கால் தூர் வாரிக்கொண்டு நிற்கிறார். வாரின வாய்க்காலையே வாருகிறார். அந்த மனுஷருக்கு இந்த நேரம் பார்த்தா வேலை ருசி பிடிக்க வேண்டும்.

நேற்று கல்லறைத் திருநாளும் வந்து போனது. உன் அப்பா வழக்கம்போல உன் கசில்டா அத்தை கல்லறைக்கு, செத்தவருக்கு ஒன்று என்று வைக்கிற ரொட்டிப் பொம்மையை இரண்டாக எடுத்துக்கொண்டு போனார். இரண்டு மூன்று வருடமாகவே இந்தக் கூத்துதான். ஒன்றுக்கு நான் கண்ணும் மூக்கும் வரைந்து கொடுக்கிறேன், இன்னொன்று முகமே இல்லாமல் மொட்டையாக ஒரு சின்ன உருண்டை, அவரே மாவைப் பிசைந்து சுடுவது. செத்துப்போன உங்க அக்காவுக்கு ரெண்டு ரொட்டி எதுக்கு, உசுரோட இருக்கறப்பவே அவ ஒண்ணுதான் தின்பா என்று நேற்றும் கேட்டேன். தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அதனால் வராதே டெல்மிரா. வியாழக்கிழமை என்ன ஆனாலும் ஊரார் என்னைக் கேட்கட்டும், நான் பதில் சொல்லிக்கொள்கிறேன், குழந்தை என்னுடையது என்றே சொல்லிவிடுவேன், இந்த வயதில் யார் நம்புவார்கள் என்று தெரியாது, ஆனாலும் சொல்வேன். நீ தையல் மிஷினில் ரொம்ப நேரம் குனிந்து உட்காராதே, துணிக்கட்டு தூக்காதே, ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளை ஒருபோதும் தள்ளாதே. கால் வீங்கினால் உடனே சொல். அன்றைக்கு உன் கால் வீங்கியதை நான் கவனிக்காமல் விட்டேன், பறிப்பு வேலை பறிப்பு வேலை என்று ஓடினேன், அதுவும் என் நெஞ்சில்தான் கிடக்கிறது.

நவம்பர் 7

இதுவரை எழுதி முடித்து வைத்தேன். ஆற்றில் தண்ணீர் வந்து சாலையை அறுத்துவிட்டது, ரூஃபோ இன்னும் கிளம்பவில்லை, நல்லவேளை கிளம்பவில்லை. குழி நேற்று தோண்டினார்கள்.

காலையிலேயே பாதி ஊர் வந்துவிட்டது. மண்ணைப் பார்க்க வந்த கூட்டம் இல்லை அது, எனக்குத் தெரியும். எஞ்சினியர் சின்ன வயதுக்காரர், கண்ணாடி போட்டவர், அவருக்கு ஒன்றும் தெரியாது, பாவம், இவ்வளவு பேருக்கு மண்மேல் ஆசையா என்று மகிழ்ந்துபோனார். நேராகப் போய் அந்த மொல்யே மரத்தடியில் சுண்ணாம்புக் கோடு போட்டார். உன் அப்பா தடுப்பார், கொடி செத்துவிடும் என்பார் என்று பார்த்தேன். தோண்டுங்க என்று தன் கடப்பாரையையே எடுத்துக் கொடுத்தார். நான் சீமைமாதுளை மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முழங்கால் ஆழம் வரை மணல், பிறகு ஆற்றுக் கூழாங்கல், பிறகு செம்மண், அதற்கும் கீழே வெள்ளை மண். எஞ்சினியர் ஒரு குப்பியிலிருந்து வெள்ளை மண்மேல் சொட்டு விட்டார், புஸ்ஸென்று பொரிந்து நுரைத்தது, சபினா சிலுவை போட்டுக்கொண்டாள். சுண்ணாம்புதாம்மா, பயப்படாதீங்க, பகல் வெயிலக் குடிச்சு வெக்கிற இந்தக் கல்லும் கீழ இருக்கிற இந்தச் சுண்ணாம்பும் ராத்திரிக் குளிரும் சேந்துதான் உங்க ஒயினுக்கு அந்த ருசி என்று அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். அப்புறம் குழிச்சுவரைச் சுரண்டிக்கொண்டே வந்தவர் ஒரு இடத்தில் நின்றுவிட்டார். இங்க யாரோ முன்னாடி தோண்டியிருக்காங்க, பாருங்க, கீழ இருக்கவேண்டிய வெள்ளை மண்ணு மேல வந்து கலந்திருக்கு, மண்ணு ஒருதரம் கலைஞ்சா அப்புறம் பழையபடி அடுக்காச் சேராது என்றார்.

டெல்மிரா, அங்கே ஐம்பது பேர் இருந்திருப்பார்கள். எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். வாயைத் திறந்து சொல்லிவிடலாம் என்று ஒரு அடி எடுத்து வைத்தேன். உன் அப்பா எனக்கு முன்னால், நான்தான் தோண்டினேன், வேர்ல பூச்சி விழுந்துருக்கான்னு பாக்க, மூணு வருசம் ஆச்சு என்றார், ஏதோ நேற்று சாப்பிட்டதைச் சொல்கிற மாதிரி. ஃபாவ்ஸ்தோ கேட்டால்தானே. குழிக்குள் குதித்து அந்த இடத்தைக் கையாலேயே பறித்தார், வெள்ளை மண் வரை பறித்தார், இந்தப் பக்கம் ஒரு முழம், அந்தப் பக்கம் ஒரு முழம். ஒன்றும் இல்லை. பெட்டியின் ஆணி இல்லை, ஒரு நூல் இழை இல்லை, கொடியின் வேர்தான் புதிதாக ஓடிக் கிடந்தது. மண்ணோடு மேலே ஏறி வந்து தொப்பியைக் கழற்றி, மன்னிச்சுக்குங்க டோன்யா பிரிஸ்கா என்றார். சபினா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், தோட்டம் போச்சுடி, என்ன பேசறேன்னே தெரியாமப் பேசிட்டேன் என்றாள். நான் ஏதோ தலையாட்டினேன். பிழைத்தோம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. குழந்தை எங்கே? வெள்ளம் எடுத்துப் போனதா, நாய் தோண்டியதா, இல்லை சபினா சொன்ன மாதிரி மேலேயே போய்விட்டதா? அதுவரை பட்ட பயமெல்லாம் ஒன்றுமே இல்லை, அந்தக் கேள்வி வந்த பிறகு வந்தது பார், அதுதான் பயம்.

கூட்டம் கலைந்து எஞ்சினியரும் போன பிறகு உன் அப்பாவுக்குக் கஞ்சி ஊற்றினேன். அவர் கரண்டியை வாங்கிக் கீழே வைத்தார். உக்காரு பிரிஸ்கா, அது அங்க இல்ல என்றார். பொட்டோசியிலிருந்து திரும்பி வந்த அன்றே பார்த்தாராம், மரத்தடியில் வெள்ளை மண் மேலே கிடந்ததாம், மணலுக்கு மேல வெள்ளை மண்ணு தானா ஏறி வருமா, முப்பது வருசமா இந்த மண்ணைத் தோண்டறவன் நான் என்றார். தோண்டினார், பெட்டியைப் பார்த்தார், உள்ளே துணியாகச் சுற்றியிருந்தது நீ நெய்த இடுப்புக்கச்சை, அதிலேயே உன் பிள்ளை என்று தெரிந்துவிட்டதாம். பிரிக்கவில்லையாம். முகத்தைப் பாக்கற உரிமை எனக்கு இல்லைன்னு தோணிச்சு, அப்படியே தூக்கிட்டுப் போய் எங்க அக்கா கல்லறையைத் தொறந்து அவ பக்கத்துல வெச்சேன், அவளுக்கும் பிள்ளை இல்ல, இதுக்கும் பக்கத்துல தாய் இல்ல, அடுத்த தடவை சாமியார் வந்தப்ப அக்கா கல்லறையை மந்திரிச்சுக் குடுங்கன்னு கூட்டிட்டுப் போனேன், யாருக்குன்னு அவர் கேக்கல, நானும் சொல்லல என்றார். ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கத்தினேன். எங்கிட்ட மறைக்கற அளவுக்கு நீங்க ரெண்டு பேரும் பயந்திருக்கீங்க, எனக்குத் தெரியும்னு சொன்னா இன்னும் பயந்திருப்பீங்க, நீ மண்வெட்டியோட அங்க நிக்கறதை ஊர் பாக்கக் கூடாதுன்னுதான் வாய்க்காலை வாரிக்கிட்டு நின்னேன் என்றார். கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, கொடியை அடிச்சதுதான் அடிச்ச, ஒரு பக்கமாவாவது அடிச்சிருக்கக் கூடாதா, திராட்சைக்காரன் பொண்டாட்டின்னு வெளிய சொல்லிராத என்றார். நான் அழுததில் கஞ்சி ஆறிப்போனது.

ஆக, உனக்கு நான் சொன்ன பொய்யை உன் அப்பா மூன்று வருடம் முன்பே உண்மையாக்கி வைத்திருக்கிறார். கல்லறைத் தோட்டம்தான், கோயில் சுவரோரம்தான், மத்தியானத்துக்கு மேல் நிழலும் விழுகிறது. இன்று காலை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

முதலில் எழுதியதை அடித்துவிடு. வா. பயம் விட்டுப்போனது என்று சொல்ல மாட்டேன், இதை எழுதும்போதுகூட இரண்டு தரம் எழுந்து போய்த் தெற்கே பார்த்துவிட்டு வந்தேன், அறுவடை வரை பார்த்துக்கொண்டுதான் இருப்பேன். கல் விழுந்தால் எல்லாருக்கும் விழட்டும், நமக்கும் விழட்டும், தனியாகத் தப்பிக்கிற பாக்கியம் இனி வேண்டாம். மாதா உன்னையும் உன் வயிற்றையும் தன் முந்தானைக்குள் வைத்துக்கொள்ளட்டும், சுகமாகப் பிரசவமாகி அந்தப் பிள்ளை ஊரே கேட்கும்படி அழட்டும். இந்தக் கடிதத்தைப் படித்ததும் எரித்துவிடு, மறந்துவிடாதே. உன் அப்பா ஒன்று எழுதச் சொன்னார். வரும்போது சாயமும் சின்னத் தூரிகையும் வாங்கிவரச் சொல், நான் இன்னொரு ரொட்டி சுட்டு வெக்கிறேன், அந்த முகம் எனக்குத் தெரியாது, அவ ஒருதரம் பாத்திருக்கா, அவளே வந்து வரையட்டும் என்கிறார்.

உன் வரவுக்கு வாசலைப் பார்த்திருக்கும்,
அம்மா பிரிஸ்கா